18 யூரோ பயேயா சட்டி: ஒரு வருட அடிப்பிடிப்புக்குப் பிறகு

வேலை மாற்றலாகி ஸ்பெயினின் வலென்சியாவுக்கு வந்த புதிதில் சென்ட்ரல் மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் வாங்கியது. 38 செ.மீ. விட்டம், இரண்டு பக்கமும் காது, மெல்லிசான கார்பன் ஸ்டீல், அடியெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழி. 18 யூரோ. எனாமல் பூசியதும் இருந்தது, துரு பிடிக்காது என்று கடைக்காரர் சொல்லியும் பளபளப்பில் மயங்கி சாதா ஸ்டீலையே எடுத்தேன். பயேயா என்பது வலென்சியா மொழியில் இந்தச் சட்டியின் பெயர்தான், அதில் சமைக்கும் கறிச் சோற்றுக்கு அது பின்னால்தான் ஒட்டிக்கொண்டது. ஆகவே நல்ல சட்டி வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்பினேன்.

முடியவில்லை. என் வாடகை வீட்டில் இருப்பது கண்ணாடி மேடை போட்ட மின் அடுப்பு. அதன் வட்டம் சட்டியில் பாதிகூட இல்லை, சூடேறியதும் அடி லேசாக வளைந்து சட்டி ராட்டினம் மாதிரி ஆடுகிறது. நடுவில் கரி, ஓரத்தில் நறுக்கென்று கடிபடும் அரிசி, இப்படியே நான்கு ஞாயிற்றுக்கிழமை போனது. போதாக்குறைக்கு ஒரு ராத்திரி தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன், காலையில் பார்த்தால் செம்மண் பூசியதுபோல் துரு. கம்பி நார் போட்டுத் தேய்த்து, அடுப்பில் காயவைத்து, எண்ணெய் தடவினேன், போய்விட்டது. இந்தச் சட்டியில் எனக்குப் பிடித்ததே அதுதான், என்ன பாடு படுத்தினாலும் தேய்த்தால் திரும்பி வந்துவிடும்.

பிறகுதான் கேஸ் வளையம் வாங்கினேன், 45 யூரோ. முக்காலியின் மேல் வட்டத்துக்குள் வட்டமாக இரண்டு வளையம், இரண்டுக்கும் தனித்தனித் திருகு. ஓரம் வரைக்கும் ஒரே சீராகத் தீ. மொட்டை மாடியில் வைத்துத்தான் சமைக்கிறேன், வீட்டுக்குள் வைக்க வேண்டுமென்றால் தீ அணைந்ததும் கேஸ் தானாக நிற்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆக, சட்டியின் நிஜ விலை 18 அல்ல, 63. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சமையலைச் சொல்லிக் கொடுத்தது கீழ் வீட்டுப் பாட்டி. நான் முதல் தடவை சட்டியில் வெங்காயம் போட்டதும் கையைப் பிடித்துவிட்டார். கோழி, முயல், தட்டை பீன்ஸ், கர்ரோஃபோ என்கிற பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, பாப்ரிக்கா என்கிற சிவப்பு மிளகாய்ப் பொடி, குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான் அவர் கணக்கு, கிடைத்தால் நத்தை. கறியை மட்டும் அவசரமே இல்லாமல் கருஞ்சிவப்பாக முறுகும் வரை வறுக்க வேண்டும். அப்புறம் தண்ணீர். எத்தனை டம்ளர் என்று கேட்டேன், சட்டியோடு காதைச் சேர்த்து அடித்திருக்கும் ஆணியைக் காட்டினார்: உள்பக்கம் அந்த ஆணித் தலை வரைக்கும் ஊற்று, அரை மணி நேரம் கொதிக்கட்டும். அளவுக் கோலைச் சட்டிக்குள்ளேயே வைத்து விற்கிறார்கள், நான் ஒரு மாதமாக அதைப் பார்க்கவே இல்லை!

அரிசி ஆளுக்கு 100 கிராம். போம்பா வகை விலை அதிகம், ஆனால் கொஞ்சம் நேரம் தப்பினாலும் குழையாது, கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதுதான் சரி. பாட்டி வாங்குவது செனியா, ருசியை இன்னும் நன்றாக இழுக்கும், ஆனால் இரண்டு நிமிடம் அசந்தால் கூழ். அரிசியைப் பரப்பியபின் கரண்டி உள்ளே போகக் கூடாது. கிளறினால் மாவு கழன்று கொழகொழவென்று ஆகிவிடும். முதல் எட்டுப் பத்து நிமிடம் பெருந்தீ, பிறகு சிறுதீ, மொத்தம் 18 நிமிடம். கடைசி ஒரு நிமிடம் தீயைத் தூக்கிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனால் பொரிகிற சத்தம் கேட்கும், வறுத்த வாசனை கருகல் வாசனையாக மாறுவதற்குள் அணைக்க வேண்டும். அடியில் படிவது சொக்காரட், நம் காந்தல்தான். நம் வீடுகளில் காந்தினால் திட்டு விழும், இங்கே அதற்குத்தான் அடிதடி.

சொரிசோ என்கிற பன்றி இறைச்சி சாசேஜ் போடலாமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். 2016-ல் பிரிட்டிஷ் சமையல்காரர் ஜேமி ஆலிவர் அதைப் போட்டு ட்விட்டரில் காட்டி ஸ்பெயின்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார், பாட்டியும் எனக்கு அதையே கொடுத்தார்: "அது பயேயா இல்லை, அரோஸ் கோன் கோசாஸ்." அதாவது சாமான் போட்ட சோறு. இன்றைக்கும் நான் இறால், குடைமிளகாய் எல்லாம் போட்டு அந்தச் சோற்றைச் செய்வதுண்டு, ருசிதான், ஆனால் பாட்டி ஊருக்குப் போயிருக்கும்போது மட்டும்.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் எட்டுப் பேருக்கு என்று இருந்தது. எட்டுப் பேருக்குப் போட்டால் சோறு கனமாக நின்று மேலே வேகாது, கீழே தீயும். சோறு ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டுமென்றால் இது நான்கு பேருக்கான சட்டி, மிஞ்சினால் ஐந்து. மாதம் இரண்டு தடவையாவது செய்வீர்கள் என்றால் சாதா ஸ்டீல் எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை விருந்தாளிக்கு மட்டும் என்றால் எனாமலே நல்லது, எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வைக்கும் வேலை மிச்சம். கேஸ் வளையத்துக்கு இடம் இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.