ஈர நெல்லுக்கு ஓசோன்: சில குறுவைகள் ஓட்டிப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓசோன் வாயு நெல்லைக் காயவைக்காது. ஈரத்தை இழுப்பது காற்றும் சூடும்தான். நெல் காய்ந்து முடியும்வரை பூஞ்சணம் தலையெடுக்காமல் அடக்கிவைப்பதுதான் ஓசோனின் வேலை. டெல்டாக்காரர்களுக்கு அந்த அவகாசமே பெரிய விஷயம்.

குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது. மழையும் கூடவே வந்துவிடும். மெஷினில் அறுத்த நெல்லில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல்தான் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான வரம்பு 17. தார்ப்பாய் போட்டு மூடினால் குவியலுக்குள் சூடேறி அரிசி பழுப்படிக்கும், முக்கல் வாடை வரும். அவசரப்பட்டு டிரையரில் சூட்டைக் கூட்டினால் அரிசி வெடித்து நொய்யாகும். அதனால்தான் எங்கள் உழவர் குழு ஓசோன் உற்பத்தி செய்யும் கருவியை வாங்கியது.

நெல்லைத் தூற்றி, பதரும் தூசியும் நீக்கிய பிறகே தொட்டியில் கொட்டுகிறோம். தூற்றாவிட்டால் ஓசோன் தூசியிலேயே தீர்ந்துபோகும். அப்புறம் சூடில்லாத காற்றோடு அடியிலிருந்து ஓசோன் விடுவோம். தொடக்கத்தில் உமியோடு வினைபுரிந்து கரைந்துகொண்டே இருக்கும். அது அடங்கிய பிறகுதான் மேல்வரை ஏறும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வில் மக்காச்சோளத்திலும் இப்படித்தான் இரண்டு கட்டமாக நடந்தது. 50 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு) அளவில் 3 நாள் விட்டபோது வண்டுகளும் பெரும்பாலும் செத்தன. இதெல்லாம் முடிந்துதான் சூடான காற்று, அதுவும் 43 டிகிரியைத் தாண்டாமல். சூட்டில் ஓசோன் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் இரண்டையும் ஒன்றாக விடுவதில்லை.

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. முக்கல் வாடை அநேகமாக இல்லை. நிதானமாகக் காய்வதால் முழு அரிசியும் கூடுதலாகக் கிடைக்கிறது.

தொந்தரவு பராமரிப்பில்தான். மழைக்கால ஈரக்காற்றை நேரே உறிஞ்சினால் ஓசோன் உற்பத்தி படுத்துவிடும், கருவிக்குள் நைட்ரிக் அமிலமும் உருவாகும். காற்றை உலர்த்தி அனுப்பும் வடிகட்டிக்குத் தனிச் செலவு. ரப்பர் குழாயும் வாஷரும் வெடித்துப்போயின. டெஃப்லான், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்ட பிறகே நிம்மதி.

ஆள் பாதுகாப்பில் சமரசமே கூடாது. வேலை செய்யும் இடத்தில் ஓசோன் 0.1 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. மூக்குக்கு அந்த வாடை பழகிவிடும். மூக்கை நம்பாமல் மீட்டர் வையுங்கள். ஓசோன் ஓடும்போது தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது.

தை, மாசியில் வரும் சம்பா நெல்லுக்கு வெயிலே போதும். அப்போது இந்தக் கருவியைத் தொடுவதில்லை. கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் டிரையரை முதலில் வாங்குங்கள், ஓசோன் அப்புறம்.