சின்ன கைரோபிளேன்: ஒரே மூச்சில் போவதா, நடுவில் இறங்கிப் போவதா?

கைரோபிளேன் என்பது மேலே காற்றில் தானாகச் சுழலும் ரோட்டர் (சுழலிறகு) கொண்ட வானூர்தி. அமெரிக்காவில் பகுதி 103 விதிக்குள் (மிக இலகுவான வானூர்திகளுக்கான விமான விதி) வரும் ஒற்றை இருக்கை கைரோபிளேனின் டேங்க் 5 கேலனைத் தாண்டக்கூடாது. அதை வைத்துக்கொண்டு 50 மைல் தள்ளியிருக்கும் ஊருக்கு எப்படிப் போவது?

நேர்கோடு வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கும். மணிக்கு 50 மைல் வேகம், 3.5 கேலன் செலவு என்று வைத்துக்கொண்டால், காற்றில்லாத நாளில் ஒரு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். ஒன்றரை கேலன் மிஞ்சும். மணிக்கு 15 மைல் எதிர்க்காற்று அடித்தாலோ தரைவேகம் 35தான். பயணம் 86 நிமிடம் இழுக்கும். டேங்கும் அதே 86 நிமிடத்தில் காலி.

நடுவில் ஒரு சிறு விமானத்தளத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பினால் கொஞ்சம் சுற்று, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் பெட்ரோலோடு கலக்க ஆயிலும் கையோடு வேண்டும். 50:1 கலவைக்கு (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்), 5 கேலனுக்குச் சுமார் 380 மில்லி. வீட்டிலேயே அளந்து பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அங்கே பம்ப் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இன்ஜின் நின்றாலும் ரோட்டர் காற்றில் சுழன்றுகொண்டே இருக்கும், கைரோவை இறக்கிவிடலாம். ஆனால் 1,000 அடி உயரத்திலிருந்து முக்கால் மைல் போனாலே பெரிது. அதனால் காட்டுக்கு மேலே போகும் நேர்கோட்டைவிட, சாலையும் வயலுமாக வளைந்து போகும் வழியையே நான் எடுப்பேன். பின்காற்று, 30 மைல் தூரம், வழியெல்லாம் வெட்டவெளி என்றால் சரி, நேரே போகலாம். அப்போதும் 20 நிமிட எரிபொருளைத் தொடக்கூடாது. அமெரிக்காவின் பொதுப் பறப்பு விதியான பகுதி 91, கண்ணால் பார்த்துப் பறக்கும் சுழலிறகு வானூர்திகளுக்குக் கேட்கும் குறைந்தபட்சம் அது.