தாத் டாரோ: வாங்கினால் ஃபிரீடா ஹாரிஸுக்காக வாங்குங்கள்

தாத் டாரோ என்பது குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுக்கட்டு. சிங்கப்பூர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். நாற்பது வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குறி பார்க்கும் எண்ணம் இல்லை, படங்களுக்காகத்தான் வாங்கினேன். 78 சீட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கொடுத்த காசு வீண் போகவில்லை.

'ஃபார்ச்சூன்' சீட்டில் பத்து ஆரங்கள் கொண்ட சக்கரம் சுழல்கிறது. பின்னணியில் மின்னல் வெட்டுகிறது. இவ்வளவு கோடுகள் ஒன்றையொன்று குறுக்கிடும் படத்தில் ரெஜிஸ்டர், அதாவது அச்சில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம், ஒரு மயிரிழை விலகினாலும் எல்லாம் மங்கிவிடும். என் கட்டில் விலகவில்லை. இருண்ட ஊதா வரும் இடங்களில் மட்டும் மை அடைத்து நுணுக்கம் கொஞ்சம் போய்விடுகிறது. 'வாள் ஒன்பது' என்ற சீட்டுக்குக் 'கொடுமை' என்று பெயர். ஆள் யாருமில்லை, ஒன்பது வாள்கள் தலைகீழாகத் தொங்குகின்றன, விளிம்பெல்லாம் அரிபட்டு, நுனியில் ரத்தம் சொட்டுகிறது. அந்தச் சீட்டை மேசையில் நிமிர்த்தி வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. ஓவியத்தின் பலம் அது.

பெட்டியின் தலைப்பில் இருப்பது ஆங்கில மாந்திரீக எழுத்தாளர் அலெய்ஸ்டர் கிரௌலியின் பெயர். தூரிகை பிடித்தவர் ஃபிரீடா ஹாரிஸ். 1938இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, சில மாத வேலை என்று தொடங்கினார். 1943 வரை இழுத்தது. இதற்காகவே, ஒரு வடிவம் வேறொரு தளத்தில் எப்படி விழும் என்று ஆராயும் வீழ்ப்பு வடிவகணிதம் படித்தார். சில சீட்டுகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். கடனில் மூழ்கியிருந்த கிரௌலிக்கு வாராவாரம் பணமும் கொடுத்தார். கிரௌலி 1947இல் இறந்தார், ஹாரிஸ் 1962இல் ஸ்ரீநகரில் இறந்தார். சீட்டுக்கட்டாக இது அச்சேறியது 1969இல். இருவருமே கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

கிரௌலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1901இல் இலங்கைக்குப் போய்க் கண்டியில் நண்பர் ஆலன் பென்னட்டோடு யோகம் பயின்றவர் அவர். பென்னட்டுக்கு யோகம் கற்பித்தவர் இலங்கைத் தமிழ்த் தலைவர், நம் பொன்னம்பலம் இராமநாதன். அவருடைய பிள்ளைகளுக்கு பென்னட் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1904இல் கெய்ரோவில் ஒரு குரல் சொல்லச் சொல்ல எழுதியதாக கிரௌலி சொன்ன நூலில்தான் "உன் சித்தம் எதுவோ அதைச் செய், சட்டம் முழுவதும் அதுவே" என்ற வரி வருகிறது. மனம்போன போக்கில் நடப்பதை அவர் சொல்லவில்லை. தான் பிறந்த நோக்கத்தைக் கண்டறிந்து அதில் நிற்பதையே சொன்னார். அதே நூலில் "ஒவ்வோர் ஆணும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு விண்மீன்" என்றும் இருக்கிறது. எனக்குப் பிடித்த வரி. ஆனால் 1905இல் கஞ்சன்ஜங்காவில் பனிச்சரிவில் ஒரு சுவிஸ்காரரும் மூன்று சுமைதூக்கிகளும் புதைந்தபோது, உதவிக்குப் போகாமல் கூடாரத்திலேயே இருந்தவரும் இவர்தான். அந்தச் சுமைதூக்கிகளும் விண்மீன்கள்தானே? மறு வருடம் ரங்கூனில் அவருடைய கைக்குழந்தை டைபாய்டில் போனபோதும் அவர் பக்கத்தில் இல்லை. "உலகின் மகா கெட்ட மனிதன்" என்று லண்டன் பத்திரிகை எழுதியதில் பரபரப்பு நிறையவே உண்டு. இந்த இரண்டும் பரபரப்பு அல்ல.

டாரோ புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இது வேண்டாம். 'நீதி', 'வலிமை' போன்ற சீட்டுகளுக்கே கிரௌலி வேறு பெயர் வைத்துவிட்டதால், பொதுவான கையேடுகளோடு ஒத்துப்போகாது. ஓவியமோ வடிவமைப்போ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். பெரிய அளவுப் பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்; கலைத்துப்போடக் கை கொள்ளாது, ஆனால் ஹாரிஸின் கோடுகள் அதில்தான் தெளிவாகத் தெரியும். மூல ஓவியங்கள் லண்டன் வார்பர்க் நிலையத்தில் இருக்கின்றன.