காசின் உலோகம் அறிய: அளவு ஜாடியா, நூலா?

அமெரிக்காவின் ஒரு சென்ட்டை எடுத்துக்கொள்வோம். 1982இல் அதை இரண்டு விதமாக அடித்தார்கள். 95 சதவீதம் செம்பு உள்ளது 3.11 கிராம், செம்பு முலாம் பூசிய துத்தநாகம் 2.5 கிராம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எடை வேறு என்று தராசு காட்டிவிடும், என்ன உலோகம் என்று காட்டாது. அதற்கு அடர்த்தி வேண்டும், அடர்த்திக்குக் கன அளவு வேண்டும்.

அளவு ஜாடியில் காசைப் போட்டு நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது பள்ளிக்கூட வழி. ஆனால் ஒரு சென்ட்டின் கன அளவு சுமார் 0.35 மி.லி.தான். 1 மி.லி. கோடு போட்ட ஜாடியில் அது கண்ணுக்கே பிடிபடாது. ஒரே எடையுள்ள காசுகளாகப் பொறுக்கி இருபது போட்டால் 7 மி.லி. ஏறும்.

நூல் வழிக்கு 0.01 கிராம் வரை காட்டும் தராசு தேவை, செலவு அங்கேதான். தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, நூலில் கட்டிய காசை அடியிலோ பக்கத்திலோ படாமல் முக்க வேண்டும். எத்தனை கிராம் காட்டுகிறதோ, கன அளவும் அத்தனை மி.லி. 3.11ஐ 0.35ஆல் வகுத்தால் 8.9, செம்பு. 2.5ஐ வகுத்தால் 7.1, துத்தநாகம். ஒரே காசு போதும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை மட்டும் தட்டிவிடுங்கள். விட்டால் அடர்த்தி குறைந்து தெரியும்.

என் ஓட்டு நூலுக்கே. அப்புறம், செம்பு, நிக்கல் இரண்டுக்கும் அடர்த்தி கிட்டத்தட்ட 8.9. அதனால் செம்பு-நிக்கல் காசைச் செம்புக் காசிலிருந்து இரண்டு வழியுமே பிரிக்காது. நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.