பேர்சியா, ஆருவா, எலியட்டா? வன்னிப் பிள்ளைக்கு எதை முதலில் கொடுக்கலாம்

கிரேக்கக் கடவுள்கள் இன்றைய நகரங்களில் சுற்றித் திரிகிற பதின்ம வயதுக் கதைகள் இப்போது ஒரு அலுமாரி நிறைய வந்துவிட்டன. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் வரும்போது "பிள்ளைக்கு என்ன புத்தகம் கொண்டுவர?" என்று கேட்பார்கள், உடனே என்னிடம் ஓடி வருவார்கள், ஏனென்றால் எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் ஆங்கில வாசிப்பு நடத்துகிற ஆள் நான்தான். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிப் புத்தகத்தின் விலையைக் கேட்டாலே கை பின்வாங்குகிறது. வாங்கி, இரண்டு பக்கம் புரட்டி, மூலையில் போட யாருக்கும் வசதியில்லை. ஆகவே எது முதலில், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம் என்று எழுதி வைத்துவிடுகிறேன்.

என் அளவுகோல் ஒன்றுதான். வாசிக்கப்போவது பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள், கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ படிக்கிற பிள்ளை. பாடப்புத்தக ஆங்கிலம் தெரியும், பரீட்சைக்கு வேண்டிய இலக்கணம் தெரியும், ஆனால் ஒரு முழு ஆங்கில நாவலை முடித்ததில்லை. அந்தப் பிள்ளையை ஐம்பதாம் பக்கம் வரை இழுத்துக்கொண்டு போகிற புத்தகம் எது? இலக்கியத் தரம், விருது எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

பேர்சி ஜாக்சன் வரிசையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ரிக் ரையர்டன் எழுதிய இந்த வரிசையின் முதல் புத்தகம் 'தி லைட்னிங் தீஃப்' 2005இல் வந்தது, ஐந்தாவது 2009இல். ரையர்டன் டெக்சஸ்காரர், பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். எழுத்துகளை வாசிக்கச் சிரமப்பட்ட, ஓரிடத்தில் இருக்க முடியாத தன் மகனுக்கு இரவில் சொல்லத் தொடங்கிய கதைதான் இது. அதனால்தான் பேர்சிக்கும் அதே சிக்கல். ஆனால் கதைக்குள் அது வேறொன்றாக மாறுகிறது: எழுத்துகள் கண்முன்னே மிதப்பதற்குக் காரணம் அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்கென்று பிறந்தது, துருதுருவென்று இருப்பது போர்க்களத்தில் உயிர் தப்ப உதவுகிற வேகம். வகுப்பில் "மொக்கு" என்று பெயர் வாங்கிய ஒரு பெடியன் இந்த இடத்தை வாசிக்கும்போது முகத்தைப் பாருங்கள், நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆறு வருடத்தில் ஆறு பள்ளிக்கூடம் மாறியவன் என்று பேர்சி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வான். (2008இல் இடம்பெயர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு இது ஒரு பெரிய எண்ணிக்கையே இல்லை. மரத்தடியையும் பள்ளிக்கூடமாகக் கணக்கில் எடுத்தால் ஒரே வருடத்தில் முடித்தவர்கள் இருக்கிறார்கள்.)

அந்தப் புத்தகத்தின் பெரிய பலம் குரல். முழுக்க பேர்சியே சொல்கிறான், சின்னச் சின்ன வசனங்களில், வாய்க்கு வந்ததை நக்கலடித்துக்கொண்டு. முதல் அத்தியாயத்தின் தலைப்பே, தற்செயலாகக் கணக்கு ரீச்சரை ஆவியாக்கிவிட்டேன் என்பதுதான். அந்த ஒரு தலைப்பைப் பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நின்றால் போதும், கணக்கில் அடி வாங்குகிற கூட்டம் தானாகப் புத்தகத்தைத் திறக்கும்.

அடுத்தது, பழைய கதையை இன்றைய தொழிலுக்குள் ஒளித்துவைக்கிற வித்தை. பார்த்தவரைக் கல்லாக்குகிற மெடூசா நெடுஞ்சாலை ஓரத்தில் தோட்டச் சிலை விற்கிற கடை நடத்துகிறாள். சிலைகளின் முகத்தில் ஏன் அவ்வளவு பயம் என்று பேர்சிக்கு உறைக்க முன்பே வாசிக்கிற பிள்ளைக்கு உறைத்துவிடும், "டேய், சாப்பிடாதேங்கோடா, வெளியால வாங்கோடா" என்று கத்தாத குறைதான். வந்தவர்களைக் கட்டிலின் நீளத்துக்கு இழுத்து அளவெடுக்கிற புரோக்ரஸ்டீஸ் லொஸ் ஏஞ்சலீசில் கட்டில் மெத்தை வியாபாரி. தாமரை தின்று தன்னை மறந்தவர்களின் தீவு லாஸ் வேகாசில் ஒரு ஹொட்டேல், உள்ளே சில மணி நேரம் விளையாடிவிட்டு வெளியே வந்தால் ஐந்து நாள் போயிருக்கும். இதை விளங்கப்படுத்த எனக்குப் பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமர் தேவைப்படவில்லை. போனில் விடிய விடிய கேம் விளையாடுகிறவன் யாரென்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னோர் இடம் இருக்கிறது, அமெரிக்கப் பிள்ளைகள் கவனிக்காமல் கடந்துபோகக்கூடிய இடம். தகப்பனைப் பற்றிப் பேர்சியின் தாய் சொல்லியிருப்பது: கடலில் பயணம் போனார், திரும்பி வரவில்லை, செத்துப்போனார் என்று இல்லை, காணாமல் போனார். அந்தப் பகுதியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "அக்கா, அப்ப அந்த அம்மா மரணச் சான்றிதழ் எடுக்கேல்லையோ?" என்று கேட்டாள். அவளுடைய அம்மம்மா தன் மகனின் படத்தோடு காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் நடத்திய கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடிப் போராட்டத்துக்குப் போய் வந்தவர். "எடுக்கேல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போனேன். கடல் கடவுள் பொசைடன்தான் தகப்பன் என்று பிறகு தெரியவருவது மற்றவர்களுக்கு ஒரு திருப்பம். இங்கே சில வீடுகளில் அது வேறு விதமாகப் படும் என்பதைத் தெரிந்துகொண்டு வாசிக்கக் கொடுங்கள்.

இனிக் குறை. கிரேக்கக் கடவுள்களின் இருப்பிடமான ஒலிம்பஸ் இப்போது நியூயோர்க்கில், 102 மாடிதான் உள்ள எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600ஆவது மாடியில் இருக்கிறது. ஏன் அங்கே? மேற்கு நாகரிகத்தின் நடுப்புள்ளி எங்கே நகர்கிறதோ அங்கே கடவுள்களும் நகர்வார்களாம்: கிரேக்கம், ரோம், பிறகு மற்ற வல்லரசுகள், இப்போது அமெரிக்கா. எனக்கு இது கொஞ்சமும் ஒட்டவில்லை. பலம் உள்ள இடத்துக்குக் குடிபெயர்கிற கடவுள் என்ன கடவுள்? மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி வற்றாப்பளையில் இருக்கிறாள், வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடல் தண்ணீர் எடுத்துத்தான் விளக்கேற்றுகிறார்கள். ஏ9 வீதியில் போகிற வாகனம் முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் நிற்காமல் போனால் பின்னால் இருக்கிற சனம் சும்மா விடாது, ட்ரைவர் இறங்கிக் கும்பிட்டுவிட்டுக் கச்சானும் வாங்கிக்கொண்டுதான் ஏறுவார். கடவுள் இன்றைக்கும் பக்கத்தில் இருக்கிறார் என்பது அந்தப் புத்தகத்தின் பெரிய அதிர்ச்சி, அதுதான் இங்கே அதிர்ச்சியாகவே இல்லை. உப்புத் தண்ணீரில் விளக்கெரிகிற ஊர்ப் பிள்ளையிடம் தண்ணீரை அடக்கியாளுகிற பெடியனைக் காட்டினால் "ஓ, சரி" என்று பக்கத்தைப் புரட்டும். இங்கே வேலை செய்வது நக்கலும் பயமும் தாயும்தான்.

மூன்றாம் புத்தகத்துக்குப் பிறகு ஒரே தடம் என்பதையும் மறைக்கக் கூடாது: ஒரு ஆரூடம், ஒரு பயணம், வழியில் அத்தியாயத்துக்கு ஒரு பூதம். ஆனால் அதற்குள் பிள்ளை வாசிக்கப் பழகிவிடும்.

சரி, அப்படியானால் ஆரு ஷா? ரோஷனி சோக்‌ஷி எழுதியது, முதல் புத்தகம் 2018, ஐந்தாவது 2022. ரையர்டனின் பெயரைத் தாங்கிய பதிப்பு வரிசையில்தான் வந்தது. கிரேக்கம் இல்லை, மகாபாரதம். இருந்தும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கிறேன், ஏனென்றால் கடைக்காரரும் வெளிநாட்டுச் சொந்தங்களும் "நம்மட கதையல்லோ, இதைக் கொடுங்கோ" என்று இதைத்தான் தள்ளுகிறார்கள். அட்லாண்டாவில் ஒரு அருங்காட்சியகத்தில் தாயோடு வாழ்கிற பன்னிரண்டு வயதுப் பெட்டை, பணக்காரப் பள்ளிக்கூடச் சிநேகிதர்களிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு, தொடக்கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள். காலம் உறைகிறது. பாண்டவர் இந்தப் பிறவியில் பெண்பிள்ளைகளாகப் பிறந்திருக்கிறார்கள், ஆரு இந்திரனின் மகள், கூட வருகிற மினி தர்மராசனான யமனின் மகள், வழிகாட்டி ஒரு சிடுமூஞ்சிப் புறா. தேவலோகத்து இரவுச் சந்தைக்கு கொஸ்ட்கோ கடை வழியாகப் போவது நல்ல பகிடி.

கேட்கும்போது எங்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது. வாசிக்கும்போதுதான் சிக்கல். புத்தகம் மகாபாரதம் தெரியாத பிள்ளையை நினைத்து எழுதப்பட்டது. ஒவ்வொரு பெயரும் வரும்போது நின்று, இவர் யார், இவருக்கு என்ன நடந்தது என்று விளக்கிவிட்டுத்தான் கதை நகரும், கடைசியில் சொல்லகராதி வேறு. தொலைக்காட்சியிலும் கோயில் மண்டபத்திலும் இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, பாதி வழியில் "தெரியும், மேல சொல்லுங்கோ" என்றிருக்கும். இன்னொன்று, எங்கள் பக்கத்தில் அர்ச்சுனனுக்கு அவ்வளவு மவுசு கிடையாது. கூத்துப் பார்த்த சனம் கண்ணீர் விடுவது கர்ணனுக்கு. அர்ச்சுனனின் மறுபிறவி என்று ஆருவை நிறுத்தினால் உடனே வருகிற கேள்வி, கர்ணன் எங்கே? (பொறுத்திருந்து ஐந்து புத்தகமும் வாசிக்கட்டும், நான் சொல்லமாட்டேன்.) பேர்சியின் கடவுள்கள் முன்பின் தெரியாதவர்கள், அதனாலேயே ஒவ்வொரு சந்திப்பும் புதிது. தெரியாத கதைதான் ஆங்கிலத்தைத் தாண்டிக்கொண்டு உள்ளே போகவைக்கிறது, தெரிந்த கதையின் புது வேடம் அந்த வேலையைச் செய்வதில்லை.

ஆனால் ஆருவைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. பெண்பிள்ளைகள் இருவர் சண்டை பிடித்துக்கொண்டே சகோதரிகளாவதை பேர்சி வரிசையின் முதல் ஐந்து புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. பேர்சியோடு கூடப் போகிற அனபெத் கெட்டிக்காரி, அதீனாவின் மகள், திட்டம் போடுவதெல்லாம் அவள்தான், கதை சொல்வது மட்டும் பேர்சி. மினியோ பயந்தவள், எதைத் தொட்டாலும் நோய் வந்து செத்துப்போவோம் என்று கணக்குப் போடுகிறவள், கடைசியில் யமனின் மகளாக நிமிர்கிறவள். ஏற்கெனவே ஒரு நாவலை முடித்த பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைக்கு இரண்டாவதாகக் கொடுங்கள், பிடித்துக்கொள்ளும்.

அதிகம் பேர் அறியாதது மூன்றாவது: மாஸ் எவான்ஸின் 'ஹூ லெட் த கோட்ஸ் அவுட்?', 2017. இங்கிலாந்துக் கதை. எலியட்டின் தாய் நோயாளி, வீடு கையைவிட்டுப் போகிற நிலை, அவன் எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்துக்குத் தெரியாமல் மறைத்துச் சமாளிக்கிறான். வானத்திலிருந்து கன்னி ராசிப் பெண்ணொருத்தி விழுகிறாள், இருவரும் சேர்ந்து ஸ்டோன்ஹென்ஜ் என்ற பழைய கல்வட்டத்துக்குக் கீழே அடைபட்டிருந்த மரண அரக்கனைத் தவறுதலாகத் திறந்துவிடுகிறார்கள், பிறகு ஓய்வில் இருக்கிற பழைய ஒலிம்பஸ் கடவுள்களைத் தேடிப் போக வேண்டியதாகிறது. காணியை இழந்துவிடுவோமோ என்ற பயமும், சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் வன்னிக்குப் புதிதில்லை. மனதளவில் எங்கள் பிள்ளைகளுக்கு மிகக் கிட்டிய புத்தகம் இதுதான் என்று நினைக்கிறேன். பிறகு ஏன் முதலிடம் இல்லை? பகிடிகள். பாதி பகிடி பிரித்தானியத் தொலைக்காட்சியும் அரச குடும்பமும் தெரிந்தால்தான் விளங்கும், மற்றப் பாதி சொல்லை வைத்து விளையாடுவது, அதை விளங்கப்படுத்தத் தொடங்கினால் பகிடி செத்துவிடும். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து வாசித்துக்காட்டினால் அருமை. தனியே வாசிக்க விட்டால் தடுமாறும்.

'ஹீரோஸ் ஒஃப் ஒலிம்பஸ்' வரிசை, 2010 முதல் 2014 வரை, பேர்சியின் தொடர்ச்சி. முதல் ஐந்தையும் முடிக்காத பிள்ளைக்கு வேண்டாம். ஒவ்வொன்றும் தடித்த புத்தகம், முதலாவதே ஐந்நூறு பக்கத்தைத் தாண்டும், 'நான்' போய் 'அவன், அவள்' வந்துவிடுகிறது, சில அத்தியாயத்துக்கு ஒருமுறை வேறு ஆளின் தலைக்குள் தாவ வேண்டும், கிரேக்கப் பெயரோடு ரோமப் பெயரும் சேரும். குரல் போனதுதான் எனக்குப் பெரிய நட்டம். விட முடியாத வாசகர்களுக்கு மட்டும்.

அலெக்ஸாண்ட்ரா பிராக்கனின் 'லோர்' (2021) வேறு வயதுக்கானது. ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஒன்பது கடவுள்கள் மனிதராகி நியூயோர்க்கில் வேட்டையாடப்படுகிறார்கள், கொல்கிறவனுக்கு அந்தக் கடவுளின் சக்தி. கதாநாயகியின் குடும்பம் முழுவதும் கொல்லப்பட்டிருக்கிறது, இரத்தம் தாராளம், பெண்கள் மீதான வன்முறையும் உண்டு. நன்றாக எழுதப்பட்ட புத்தகம். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்தவர்கள் வாசிக்கட்டும், சின்னப் பிள்ளைகளின் அலுமாரியில் வைக்காதீர்கள்.

படம் பார்த்தால் போதாதா என்று கேட்கிற பெற்றோருக்கு: 2010இல் வந்த படத்தில் பன்னிரண்டு வயதுப் பேர்சியைப் பதினாறாக்கி, போர்க் கடவுள் ஏரீசையே கதையிலிருந்து தூக்கிவிட்டார்கள். 2023 டிசம்பரில் டிஸ்னி பிளசில் தொடங்கிய தொடர் எவ்வளவோ மேல், முதல் பருவம் எட்டுப் பகுதி, வயது சரி, எழுத்தாளரும் கூட இருந்து செய்தது. ஆனால் அதில் மெடூசாவின் வாசலிலேயே பிள்ளைகளுக்கு அவள் யாரென்று தெரிந்துவிடுகிறது. சிலைகளுக்கு நடுவே இருந்து சாப்பிடுகிற அந்த வயிற்றைக் கலக்குகிற நேரம் போயே போச்சு.

ஆங்கிலம் மிகவும் பின்தங்கியிருந்தால் 'தி லைட்னிங் தீஃப்' சித்திரக் கதையாக 2010இல் வந்தது இருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிட்டு நாவலுக்குப் போகலாம், கதை தெரிந்துவிடுமே என்ற கவலை இந்த ஒரு விடயத்தில் வேண்டாம். வெளிநாட்டு மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்க முடியும் என்றால் பேர்சியின் முதல் புத்தகம், பழைய பிரதியாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு கேட்கலாம் என்றால் ஆருவை விட்டுவிட்டு பேர்சியின் இரண்டாவதைக் கேளுங்கள். முதலாவதை முடித்த பிள்ளை அடுத்த சனிக்கிழமை வரை பொறுக்காது.