கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முன் ஓராண்டு ‘போஸ்ட்-பேக்’: காரைக்குடியிலிருந்து ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் முடித்து, கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர மதிப்பெண் போதாமல் நிற்கும் மாணவர்களுக்காக அங்குள்ள சில பல்கலைக்கழகங்கள் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகின்றன. பேச்சுவழக்கில் அதை ‘போஸ்ட்-பேக்’ (பட்டத்துக்குப் பிந்தைய படிப்பு) என்பார்கள். என் மகள் அப்படியொரு படிப்பைச் சென்ற ஆண்டு மே மாதம் முடித்தாள். அதற்குப் பணம் கட்டியவர்கள் நாங்கள். கோட்டையூரிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் இரண்டு குடும்பத்தார் ஒரே மாதத்தில் வீட்டுக்கு வந்து, “இந்தப் படிப்பில் சேர்க்கலாமா, பணம் வீணாகிவிடுமா?” என்று கேட்டார்கள். அவர்களிடம் அவசரத்தில் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. அது ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் என்ற அளவில் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊரில் கால்நடை மருத்துவம் என்றால் பிளஸ் டூ முடித்தவுடன் சேர வேண்டிய பி.வி.எஸ்சி. படிப்பு, உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டுகள். தமிழ்நாட்டு மாணவர்களுக்கான இடங்களைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிளஸ் டூ உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைக் கொண்டு நிரப்புகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண் பார்க்கிறார்கள். ஆகவே இங்கே பி.எஸ்சி. விலங்கியல் முடித்த ஒருவர் அதன் மேல் எத்தனை சான்றிதழ் வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது. அமெரிக்காவில் முறை வேறு. அங்கே கால்நடை மருத்துவம் நான்காண்டு டி.வி.எம். பட்டம், அதில் சேர்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்கள். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், இயற்பியல், புள்ளியியல், மரபியல் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே கல்லூரியில் படித்திருக்க வேண்டும். பட்டத்துக்கும் டி.வி.எம். சேர்க்கைக்கும் நடுவே அப்படி ஓர் இடைவெளி இருப்பதால்தான் அங்கே போஸ்ட்-பேக் என்ற படிப்புக்கே இடம் இருக்கிறது. இங்கே பி.வி.எஸ்சி. முடித்த பிள்ளைகளுக்கும் இந்தப் படிப்பு தேவையில்லை, அங்கே மருத்துவராகப் பணிபுரிய விரும்பினால் அவர்களுக்கு இ.சி.எஃப்.வி.ஜி. அல்லது பேவ் எனப்படும் தகுதிச் சான்று வழிகள் தனியாக உள்ளன.

என் மகள் அங்கே பிறந்து அங்கேயே உயிரியலில் பட்டம் பெற்றவள். இரண்டாம் ஆண்டில் அவளுடைய அப்பாவுக்கு உடல்நிலை கெட்டு, நாங்கள் இருவரும் காரைக்குடிக்குத் திரும்பி வந்த சமயத்தில், அவளுடைய மதிப்பெண்கள் சரிந்தன. கரிம வேதியியலில் சி-மைனஸ் வாங்கினாள். பட்டம் கைக்கு வந்தபோது 120 கிரெடிட்டுக்கு (பாடங்களின் எடையைக் குறிக்கும் அலகு) 2.9 ஜி.பி.ஏ., அதாவது நான்குக்கு 2.9 என்ற மதிப்பெண் சராசரி இருந்தது. படிப்பில் அக்கறை இல்லாதவள் என்று அந்த எண் அவளைப் பற்றிச் சொன்னது. அது உண்மையில்லை என்பது எங்களுக்குத் தெரியும் என்றாலும், விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விதான் எங்களை இந்தப் படிப்பை நோக்கித் தள்ளியது.

விளம்பரக் கையேட்டில் “உங்கள் ஜி.பி.ஏ.வை மாற்றி அமையுங்கள்” என்று எழுதியிருந்தார்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு பெற்றோரும் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 120 கிரெடிட்டை 2.9 ஆல் பெருக்கினால் 348 புள்ளிகள். ஓராண்டில் 32 கிரெடிட் படித்து, எல்லாவற்றிலும் சராசரியாக 3.8 வாங்கினாலும் 121.6 புள்ளிகள்தான் சேரும். மொத்தம் 469.6 புள்ளிகளை 152 கிரெடிட்டால் வகுத்தால் கிடைப்பது 3.09. ஓராண்டு முழுவதும் கண் விழித்துப் படித்து ஒட்டுமொத்தச் சராசரி 2.9 இலிருந்து 3.09 ஆகிறது, அவ்வளவுதான். கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான வி.எம்.சி.ஏ.எஸ்., ஒரு பாடத்தை மீண்டும் படித்தால் பழைய மதிப்பெண்ணை நீக்குவதில்லை. இரண்டையும் கணக்கில் சேர்க்கிறது. படித்த கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில் பழையது மறைந்திருந்தாலும் விண்ணப்பத்தில் மறையாது.

ஆனால் இதே கணக்கு இன்னோர் இடத்தில் வேறு முகம் காட்டுகிறது. சில கல்லூரிகள் ஒட்டுமொத்தச் சராசரியோடு கடைசி 45 கிரெடிட்டுகளின் சராசரியையும் தனியாகப் பார்க்கின்றன. மகளின் கடைசி 45 கிரெடிட்டில் 32 இந்தப் படிப்பில் வாங்கியவை. மீதி 13 பட்டப் படிப்பின் கடைசிப் பருவத்தில் 3.0 சராசரியோடு வாங்கியவை. கூட்டி வகுத்தால் 3.57 வருகிறது. 2.9 எங்கே, 3.57 எங்கே! எனவே இந்தப் படிப்பின் பயன் நீங்கள் எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தக் கல்லூரிகளின் பட்டியலை முதலில் தயாரித்து, ஒவ்வொன்றும் எந்தச் சராசரியைப் பார்க்கிறது, பழைய பாடங்களுக்குக் கால வரம்பு வைத்திருக்கிறதா, இணையவழி ஆய்வகத்தை ஏற்கிறதா என்று அவற்றின் பக்கங்களிலேயே படித்துவிட்டுப் பிறகுதான் போஸ்ட்-பேக் பற்றி யோசிக்க வேண்டும். நாங்கள் இந்த வேலையைத் தலைகீழாகச் செய்தோம். சேர்ந்து இரண்டு மாதம் கழித்துத்தான் பட்டியல் போட்டோம்.

இனிப் படிப்பின் தரத்துக்கு வருகிறேன். உயிர்வேதியியல் பாடத்தைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பேராசிரியை வாரத்தில் இரண்டு நாள் மாலையில் மாணவர்களைத் தனியாகச் சந்தித்தார். வினாத்தாள்கள் மனப்பாடத்தைச் சோதிக்காமல், ஒரு நோயாளியின் அல்லது ஒரு விலங்கின் நிலையைச் சொல்லிக் காரணம் கேட்டன. உடலியங்கியல் ஆய்வகமும் நன்றாக இருந்தது. இருபது பேருக்கு ஓர் உதவியாசிரியர் இருந்தார், கருவிகள் எல்லாம் வேலை செய்தன. கரிம வேதியியலை அவள் மீண்டும் படித்தாள். பழைய மதிப்பெண் நீங்காது என்று தெரிந்தும் அதைச் செய்தது சரியே. ஏனென்றால் அவள் விண்ணப்பித்த கல்லூரிகள் முன்தேவைப் பாடங்களில் குறைந்தது சி எதிர்பார்த்தன, சி-மைனஸை வைத்துக்கொண்டு அங்கே நுழைய முடியாது. மரபியல் பாடம் சுமார். பெரிய அரங்கில் இருநூறு பேரோடு உட்கார்ந்து கேட்கும் அந்தப் பாடத்தை வீட்டருகில் உள்ள சமுதாயக் கல்லூரியில் (கட்டணம் குறைந்த உள்ளூர்க் கல்லூரி) மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான கட்டணத்தில் படித்திருக்கலாம்.

உயிர்வேதியியலை நான் தனியாகப் பாராட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. படிப்பில் சேரும் முன், நவம்பரிலிருந்து மார்ச் வரை இருபது வாரங்கள் மகள் எங்களோடு இருந்தாள். அப்போது எங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தினமும் காலையில் போய் மருத்துவருக்கு உதவினாள். மழைக்காலத்தில் கோமாரித் தடுப்பூசி முகாம்கள், ஆடுகளுக்குக் குடற்புழு நீக்கம், தை பிறந்ததும் மஞ்சுவிரட்டுக்குப் போகும் காளைகளுக்கு உடல்தகுதிச் சான்று என்று ஒவ்வொரு மாதமும் ஒரு வகை வேலை இருந்தது. வயலில் கிடை போட்டிருந்த புலிக்குளம் மாட்டு மந்தைக்கு விடியற்காலையில் மருத்துவரோடு போய் வந்த அன்று, இரவு வரை அதையே பேசிக்கொண்டிருந்தாள். தை, மாசி முகூர்த்தங்கள் தொடங்கியபோது புதிதாக ஒரு தொல்லை வந்தது. செட்டிநாட்டுக் கல்யாண விருந்தைப் பற்றி உலகத்துக்கே தெரியும். மிஞ்சிய சோற்றைக் கொல்லைப்புறத்தில் கொட்டினால் ஊர் மாடுகள் என்ன ஆகும் என்பது மருந்தகத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மறுநாள் காலையில் வயிறு உப்பி, அசை போடாமல், எழுந்து நிற்க மாட்டாமல் மாடு கிடக்கும். “ஆத்தா, நேத்து ராத்திரி கல்யாண வீட்டுப் பக்கம் போயிருச்சு” என்று அழுதுகொண்டே ஓர் அம்மாள் வந்து நின்றதையும், மருத்துவர் சோடியம் பைகார்பனேட்டை ரத்தக் குழாய் வழியே செலுத்தி அந்த மாட்டைக் காப்பாற்றியதையும் மகள் பார்த்தாள். பார்த்தாளே தவிர, ஏன் என்று அவளால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. உயிர்வேதியியல் படித்த பிறகு அது அவளுக்கு விளங்கியது: மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனதும் முதல் இரைப்பையில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன; அமிலத்தன்மை ஏறி, நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அழிகின்றன; அந்த அமிலத்தின் ஒரு வடிவத்தை மாட்டின் உடலால் விரைவாக எரிக்க முடியாததால் அது ரத்தத்தில் தேங்குகிறது. அன்றிரவு தொலைபேசியில் அரை மணி நேரம் இதையே விளக்கினாள். கட்டிய பணத்தில் ஒரு பகுதி அந்த அரை மணி நேரத்திலேயே எனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

இந்தப் படிப்பின் மோசமான பகுதி ஆலோசனைச் சேவை. சான்றிதழுக்கென்று பாடக் கட்டணத்துக்கு மேல் ஒரு தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தக் கட்டணத்துக்கு ஈடாகத் தருவதாகச் சொல்வது விண்ணப்ப ஆலோசகரின் வழிகாட்டல். எங்களுக்கு வாய்த்த ஆலோசகர் மனித மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களில் பழகியவர். மகள் தன் அனுபவப் பட்டியலைக் காட்டியபோது, வெளிநாட்டுக் கிராமத்து மருந்தகத்தில் செலவிட்ட 400 மணி நேரத்தை எழுத வேண்டாம், அதற்கு மதிப்பிருக்காது என்று அவர் சொல்லிவிட்டார். அவளும் நம்பி முதல் வரைவில் அதை நீக்கிவிட்டாள். இதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு மனம் பதறுகிறது. வி.எம்.சி.ஏ.எஸ். விண்ணப்பம், கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் செய்த வேலை ஒரு வகை, மருத்துவர் இல்லாமல் விலங்குகளோடு இருந்த அனுபவம் இன்னொரு வகை, ஆராய்ச்சி வேறொரு வகை என்று பிரித்துக் கேட்கிறது. மருந்தகத்தில் செய்த வேலை முதல் வகை. அவளுடைய அத்தை வீட்டு வெள்ளாடுகளைப் பார்த்துக்கொண்டது இரண்டாம் வகை. இரண்டையும் சேர்த்து எழுது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மருந்தக மருத்துவரே பரிந்துரைக் கடிதத்தையும் இணையவழியில் அனுப்பினார். வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, மாலை ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பிய அவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. பிறகு நேர்முகத் தேர்வுக்கு அழைத்த மூன்று கல்லூரிகளில் இரண்டில், கல்யாணச் சோறு தின்ற மாட்டைப் பற்றித்தான் அவளிடம் அதிக நேரம் கேட்டார்கள்.

நேர்முகத் தேர்வுப் பயிற்சி ஒன்றை மட்டும் ஆலோசனைப் பிரிவு நன்றாகச் செய்தது. சில கல்லூரிகள் ஒரே நீண்ட உரையாடலுக்குப் பதிலாக, சில நிமிடங்களுக்கு ஓர் அறை என்று மாற்றி மாற்றி உட்கார வைத்துக் கேள்வி கேட்கின்றன. அதற்கு நான்கு முறை ஒத்திகை வைத்தார்கள். அது பயன்பட்டது.

‘ஓராண்டு’ என்ற சொல்லைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஆகஸ்டில் தொடங்கும் படிப்பு மே மாதம் முடிகிறது. வி.எம்.சி.ஏ.எஸ். விண்ணப்பத்தின் கடைசி நாள் செப்டம்பர் நடுவில் வருகிறது. நேர்முகத் தேர்வுகள் குளிர்காலத்தில். வகுப்புத் தொடங்குவது அடுத்த ஆகஸ்டில். அதாவது போஸ்ட்-பேக்கில் கால் வைத்த நாளிலிருந்து டி.வி.எம். வகுப்பில் உட்காரும் நாள் வரை இரண்டு ஆண்டுகள். நடுவில் உள்ள ஓராண்டுக்கு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் யார் தருவது என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கே குடியுரிமை இல்லாமல் எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் தேவை. அவர்கள் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். விருப்பப்பட்ட ஓரிரு பாடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விசாவைத் தக்கவைக்க முடியாது. முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் இணையவழிப் பாடத்துக்கு மேல் சேராது. அப்படிப்பட்டவர்களுக்கு முறையான சான்றிதழ்ப் படிப்புத் தேவைப்படலாம். என் மகளைப் போன்றவர்களுக்கு அது கட்டாயமில்லை.

எட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்ததில் ஒன்றில் இடம் கிடைத்தது, இன்னொன்றில் காத்திருப்போர் பட்டியல். இடம் தந்தது கடைசி 45 கிரெடிட்டைப் பார்க்கும் கல்லூரி. இன்று மீண்டும் முடிவெடுக்க வேண்டி வந்தால், உயிர்வேதியியலுக்கும் உடலியங்கியலுக்கும் அதே பல்கலைக்கழகத்தில் தனிப் பாடமாகப் பணம் கட்டுவேன். மரபியலையும் கரிம வேதியியலையும் சமுதாயக் கல்லூரியில் படிக்கச் சொல்வேன். சான்றிதழுக்கான தனிக் கட்டணத்தைக் கட்ட மாட்டேன். அந்தச் சான்றிதழைப் பற்றி எந்தக் கல்லூரியும் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இங்கே வந்து மருந்தகத்தில் வேலை செய்ய நினைக்கும் பிள்ளைகள் முதல் நாளே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவிட வேண்டும். தேதி, வந்த நேரம், போன நேரம், எந்த விலங்கு, என்ன வேலை, மேற்பார்த்த மருத்துவர் பெயர் என்று அன்றன்றைக்கே எழுதி, வாரக் கடைசியில் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். என் மகள் மூன்றாம் வாரத்தில்தான் எழுதத் தொடங்கினாள். முதல் இரண்டு வாரக் கணக்கை மருந்தகப் பதிவேட்டைப் பார்த்துத் திரட்ட ஒரு முழு நாள் ஆயிற்று.