பத்துமலைக்கு நடக்குற தசையா, ஸ்மாஷ் அடிக்கிற தசையா?

தைப்பூசத்துக்கு கேஎல் (கோலாலம்பூர்) மாரியம்மன் கோயில்ல இருந்து ரதத்துக்கு பின்னாடியே பத்துமலை வரைக்கும் நடக்குறோம்ல, அதுல பெரும்பாலும் உழைக்கிறது மெதுவா சுருங்குற தசை நார், பேட்மிண்டன் கோர்ட்ல எம்பி ஸ்மாஷ் அடிக்கிறோமே அது வேகமா சுருங்குற நார்.

ரெண்டுலயும் மெஷின் ஒண்ணுதான். நரம்புல சிக்னல் வந்ததும் தசை செல்லுக்குள்ள சேமிப்புல இருக்குற கால்சியம் வெளிய வந்து ட்ரோபோனின்ங்கற புரதத்துல ஒட்டும், ஆக்டின் இழைய மூடியிருந்த ட்ரோபோமயோசின் புரதம் விலகும், உடனே பக்கத்துல இருக்குற மயோசின் இழையோட தலை ஆக்டினைப் பிடிச்சு இழுக்கும், பிடிய விடுறதுக்கு புது ஏடிபி (செல்லுக்கு சக்தி தர்ற மூலக்கூறு) வேணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா இழைங்க குட்டையாகுறதே இல்ல, ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கிட்டுப் போகுது அவ்வளவுதான், 1954லயே ரெண்டு குழு தனித்தனியா கண்டுபிடிச்சு சொல்லிட்டாங்க.

வித்தியாசம் எங்கன்னா, வேக நார் மயோசின் ஏடிபிய படபடன்னு உடைக்கும், தசையில சேமிச்சு வெச்ச சர்க்கரையான கிளைகோஜனை நம்பி ஓடும், சீக்கிரம் களைச்சிடும். மெது நார்ல ஆக்ஸிஜன வெச்சு சக்தி தயாரிக்குற மைட்டோகாண்ட்ரியாவும், ஆக்ஸிஜனப் பிடிச்சு வெக்குற சிவப்புப் புரதமான மயோகுளோபினும் ஜாஸ்தி, அதான் சிவப்பு, மணிக்கணக்கா தாங்கும். நாசி கண்டார் கடையில கோழித் தொடை கருத்தும் நெஞ்சுக்கறி வெளுத்தும் இருக்கே, இதே கதைதான்.

எதை வளர்க்கலாம்னு கேட்டா, பத்துமலையோட 272 படி மூச்சுவாங்காம ஏற மெது நார். ஆனா வயசானா அதிகமா மெலியுறது வேக நார்தான், கால் தடுக்குனா சட்டுனு சமாளிக்கறது அதுதான், அதனால அம்மா அப்பாவுக்கு வாக்கிங் மட்டும் போதும்னு விட்டுடாதீங்க, கொஞ்சம் வெயிட்டும் தூக்க வைங்க.